சனியைப் பார்க்க நின்ற வரிசை

மலைப் பள்ளி விடுதியில் என்னோடு அலுமினியத் தட்டு கழுவியவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மூன்று பேரைப் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் பல் போயிருந்தது, எனக்கும்தான். பிள்ளைகள், பேரன், முட்டிவலி என்று எதைப் பேசினாலும் கடைசியில் ஒருவர் கேட்டுவிடுகிறீர்கள்: "டீச்சர் நமக்கு சனி கிரகம் காட்டினாங்களே, ஞாபகம் வெச்சினு கீறியா?" கேட்டுவிட்டு உடனே குரலைத் தாழ்த்துகிறீர்கள். "உன் தங்கச்சிக்குக்கூட அதனாலதானே..." என்று பாதியில் நிறுத்துகிறீர்கள். நான் தலையை ஆட்டிவிட்டு, என் ஊர் வருவதற்கு முன்பே இறங்கியிருக்கிறேன்.

அதனால் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஐந்தாம் வகுப்பு, தங்கை இரண்டாம் வகுப்பு. எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கு ஒன்பது மைல் காட்டுப் பாதை. அம்மா எங்களை விடுதிக்கு அனுப்பியது படிப்புக்காக இல்லை, சோற்றுக்காக. அந்த வருஷம் சாமை பொய்த்திருந்தது. உங்களில் பலரும் அப்படி வந்தவர்கள்தான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அனுப்பும்போது அம்மா ஒன்று சொன்னாள்: "போனா ரெண்டு பேரும் போங்க. சின்னது வூட்டுக்கு வந்திடிச்சின்னா பெரியதும் வந்துடணும். ஒண்டியா ஒருத்திய நான் வுட்டு வெக்க மாட்டேன்." எனக்குப் படிப்பு பிடித்திருந்தது. பெருக்கல் வாய்ப்பாடு பதினாறு வரை பாடமாக இருந்தது. ஆகவே அம்மாவின் அந்தப் பேச்சு என் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

விடுதியை நீங்கள் மறந்திருக்க முடியாது. ஓடு வேய்ந்த இரண்டு நீள அறைகள். சாக்கு விரிப்பில் எப்போதும் ஈர வாடை. அரிக்கேன் விளக்கின் புகை, பேனுக்குத் தேய்க்கும் வேப்பெண்ணெய், சுவரில் கரிக்கோட்டில் நம் பெயர்கள். காலையும் மாலையும் களி, மதியம் சோறு. குழம்பு என்று ஒரு தண்ணீர், அடியில் நான்கு துவரம்பருப்பு. காய்கறி வாரம் ஒரு தடவை கீழேயிருந்து லாரியில் வரும். தை மாதம் தாண்டினால் அதுவும் வராது. சமையல்காரர் அதே கரண்டியால் ஊற்றுவார், அதே கரண்டியால் மிரட்டுவார். அவர் வாயில் நமக்கெல்லாம் ஒரே பெயர்தான்: "சனியனே."

தங்கை பொழுது சாய்ந்தால் என் பாவாடையைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது தை மாதத்தில். பகலில் அவளைப் போல ஓடுகிறவள் யாரும் கிடையாது. இருட்டினால் தூங்குகிறவர்களின் கையை மிதிப்பாள், தண்ணீர்க் குடத்தை உதைப்பாள். நீங்கள் அவளை எருமை என்று கூப்பிட்டீர்கள். ஒருநாள் தட்டை வாங்கிக்கொண்டு எல்லோரும் சிரிக்கச் சிரிக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். பயந்தாங்கொள்ளி என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். பிறகு ஒரு சாயங்காலம், கிணற்றடியில், சத்தம் போடாமல் அவளுக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றேன். கண் திறந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "யக்கா, எங்க கீறே?" என்று கூப்பிட்டாள்.

"இங்கதான் கீறேன்" என்றேன்.

மறுநாள் பகலில் அவள் கண்ணை விரித்துப் பார்த்தேன். வெள்ளை விழியில் பளபளப்பு இல்லை. ஓரத்தில் சோப்பு நுரை காய்ந்தது போல ஒரு சிறிய திட்டு. பாவாடை நுனியை எச்சிலில் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை.

சொல்லியிருக்கலாம். யாரிடம் என்றுதான் யோசித்தேன். உடம்பெல்லாம் சிரங்கு வந்த ஒரு சிறுமியை வார்டன் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார், நினைவிருக்கிறதா? சரியானதும் வா என்றார். அவள் வரவேயில்லை. தங்கை போனால் நானும் போக வேண்டும். ஆகவே ராத்திரியில் அவளுக்கு நான் கண்ணாக இருந்தேன். கக்கூஸுக்கு நான்தான் கூட்டிப் போவேன், தட்டை நான்தான் வாங்கித் தருவேன். யாரும் கவனிக்காதபடி அதைச் செய்ய நான் நன்றாகப் பழகியிருந்தேன்.

டீச்சர் வந்தது அந்த வருஷம்தான். கணியம்பாடிப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. இருபத்து மூன்று வயது இருக்கும், முதல் வேலை. ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம் ஒன்றைக் கையில் கட்டியிருப்பார், அது முழங்கை வரை ஏறி ஏறி இறங்கும். கணக்குப் பாடம் எடுத்தார். ஒருவரையும் அடித்ததில்லை. விடை சரியாகச் சொன்னால் சொன்னவரைவிட அவர்தான் அதிகம் குதிப்பார்.

ஒருநாள் பலகையில் 'சனி' என்று எழுதினார். வகுப்பே சிரித்தது.

"இன்னாடா சிரிப்பு?"

"டீச்சர், அது கெட்ட வார்த்தைங்க."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சமையல்காரர் சொல்ற சனி வேற. இது வானத்துல இருக்கற சனி. கிரகம்."

அதுவும் கெட்டதுதான் என்று நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும். மலைக்குக் கீழே, கீழ்நாட்டுக்குப் புளி விற்கப் போன அப்பாக்கள் கொண்டுவந்த சேதி அது. சனி பார்த்தால் மாடு சாகும், கை முறியும். ஒரு பையன் அதைச் சொன்னான். டீச்சர் கேட்டுவிட்டு, "அது யாரையும் பாக்காதுடா. அதுக்குக் கண்ணு கிடையாது. நாமதான் அதைப் பாக்கப் போறோம்" என்றார்.

பையிலிருந்து ஒரு விளாம்பழத்தை எடுத்தார். பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, பழத்தின் இடுப்பில் மாட்டினார். மஞ்சள் அட்டை, ஓரத்தில் யாரோ மணமகனின் பெயரில் பாதி. அதுதான் சனி. மண்ணே இல்லாத உருண்டை, கால் வைத்தால் நிற்க இடமில்லை, முழுக்கக் காற்று என்றார். நம்முடைய பூமியைப் போல நூற்றுக்கணக்கானதை உள்ளே போட்டு மூடலாம் என்றார். சுற்றியிருக்கும் வளையம் கல்லும் தூசியும் ஐஸ் கட்டியும் என்றார். படவேட்டுத் திருவிழாவில் ஐஸ் தின்ற ஒரே பையன் எழுந்து நின்று, அது எப்படி இருக்கும் என்று மற்றவர்களுக்கு விளக்கினான்.

பழம் கைமாறிக் கைமாறித் தங்கையிடம் வந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகளும் அன்று எங்களோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நெடுநேரம் வைத்திருந்தாள். அட்டையின் விளிம்பில் விரலை ஓட்டிச் சுற்றி வந்தாள்.

"டீச்சர், மெய்யான சனியில இந்த மோதிரம் எதுல ஒட்டினு கீதுங்க?"

"எதுலயும் ஒட்டல. தனியா சுத்திக்கினு இருக்கும்."

"அப்போ ஏன் வுழல?"

டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டார். "இத்தினி பேர்ல இதைக் கேட்டது இவ ஒருத்திதான்" என்று வகுப்புக்குச் சொன்னார். அன்றிலிருந்து டீச்சருக்கு அவள் மேல் தனிப் பிரியம்.

வெள்ளைக் கூண்டு போட்ட பெரிய தொலைநோக்கி ஒன்று நம் மலையிலேயே இருந்தது. தூரத்தில் லாரியிலிருந்து தெரியும். அதை ராட்சசப் பறவையின் முட்டை என்று நாம் சொல்லிக்கொள்வோம். அத்தனை தூரம் நம்மைக் கூட்டிப்போக வண்டி இல்லை. டீச்சர் தான் படித்த கல்லூரியில் கேட்டு ஒரு சின்னத் தொலைநோக்கியை இரவல் வாங்கி வந்தார். கம்பளிப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். ஒரு முழ நீள வெள்ளைக் குழாய், மரத்தில் மூன்று கால்கள். பகலில் அதன் வழியாகப் புளிய மரத்து ஓணானைக் காட்டினார். தங்கை ஓணானைப் பார்த்தாள். அதன் தொண்டை துடிப்பதைக்கூடச் சொன்னாள். பகல் அல்லவா.

முழுப் பரீட்சைக்கு முந்தின வாரம். அமாவாசைப் பக்கம். சாப்பாட்டை ஆறரைக்கே முடித்து, விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு மைதானத்தில் நின்றோம். கிழக்கு மலை விளிம்புக்கு மேலே, மஞ்சளாக, சிமிட்டாமல் ஒன்று நின்றது. சின்னப் பிள்ளைகள் பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் வர வேண்டும் என்றார் டீச்சர். தங்கை என் கையைப் பிடித்திருந்தாள்.

முதலில் பார்த்தவன் கத்தினான்: "ஐயையோ, காது வெச்சினு கீது!" அடுத்தவள் தொப்பி என்றாள். சமையல்காரர் வந்து பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் முறை வந்தது. கறுப்பு வட்டத்துக்குள் சிறியதாக, பால்மஞ்சளில், வளையத்தோடு அது நடுங்கிக்கொண்டிருந்தது. வளையத்துக்கும் உருண்டைக்கும் இடையே கறுப்பாக இடைவெளி தெரிந்தது. எதிலும் ஒட்டவில்லை. மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தது. அவ்வளவு சுத்தமான ஒரு பொருளை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

டீச்சர் தங்கையின் தலையைப் பிடித்துக் கண்ணைக் குழாயருகே கொண்டுபோனார். "தெரியுதா கண்ணு?"

"எங்க டீச்சர்?"

"கண்ணை நல்லாத் தொறந்து வெச்சிப் பாரு. உள்ளே."

"கறுப்பா கீதுங்க."

"ஓடிப் போயிருக்கும், இரு." டீச்சர் குனிந்து திருகினார். "இதோ, நட்ட நடுவுல இருக்கு. இப்ப பாரு."

"ஒண்ணும் இல்லீங்க டீச்சர்."

மறுபடி திருகினார். மறுபடி வைத்தார். அவள் கண்ணை இங்கும் அங்கும் நகர்த்தி, குழாயில் மூக்கை இடித்துக்கொண்டாள். பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றீர்கள். உங்களில் ஒருவர், "அதுக்குக் கண்ணு அவிஞ்சி போச்சி டீச்சர்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தீர்கள். யார் என்று எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை. வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வார்டன் எழுந்தார்.

"இன்னா டீச்சர், கண்ணு தெரியலியா அதுக்கு?" டார்ச் விளக்கை அடித்துக்கொண்டு படி இறங்கினார்.

அப்போதுதான் கிள்ளினேன். இடுப்புக்கு மேலே, நன்றாக நகம் பதிய. காதில் சொன்னேன்: "பார்த்தேன்னு சொல்லுடி."

அவள் மூச்சை இழுத்தாள். "பார்த்தேன் டீச்சர். மோதிரம் கீதுங்க. எதுலயும் ஒட்டல."

"பாத்துட்டா! பாத்துட்டா சார்!" என்று டீச்சர் கைதட்டினார். வார்டன் டார்ச்சை அணைத்துவிட்டுத் திரும்பிப் போனார். தங்கை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அடுத்தவர் குனிந்தார்.

மறுநாள் சிலேட்டில் வரையச் சொன்னார் டீச்சர். எல்லோரிலும் தங்கை வரைந்ததுதான் அழகாக இருந்தது. விளாம்பழத்தை விரலால் அவ்வளவு நேரம் பார்த்தவள் அல்லவா. டீச்சர் அந்தச் சிலேட்டை எடுத்துப்போய்த் தலைமையாசிரியர் மேசையில் வைத்தார். பள்ளிக்கூடம் விடும்வரை அது அங்கேயே இருந்தது.

லீவுக்கு ஊருக்குப் போனோம். சித்திரை வெயில். ஊரில் நான்கைந்து வீடுகளில் அம்மை வார்த்திருந்தது. ஒரு வாரத்தில் தங்கைக்கும் வார்த்தது, தட்டம்மை. அம்மா செய்ததெல்லாம் முறையாகத்தான் செய்தாள். வேப்பிலை போட்டாள், வாசலை அடைத்தாள், அறையை இருட்டாக்கினாள். கஞ்சித் தண்ணீர் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை. அம்மைக்குக் கறி ஆகாது, முட்டை ஆகாது, கீரை ஆகாது, எண்ணெய் ஆகாது. அம்மா அவளை எவ்வளவு பத்திரமாகக் காத்தாளோ அவ்வளவு சீக்கிரம் அவளுக்கு அது நடந்துவிட்டது என்று இப்போது தெரிகிறது. அப்போது யாருக்குத் தெரியும்?

அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றின அன்று நடுப்பகலில் தங்கை கேட்டாள்: "யக்கா, விளக்கு ஏத்தலியா இன்னும்?"

கதவைத் திறந்தேன். வெயில் அவள் முகத்தில் அடித்தது. வெந்த மீனின் கண் வெளுத்திருக்குமே, அப்படி இருந்தன இரண்டும்.

அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அமிர்திக் காட்டு வழியாக இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். வர வேண்டாம் என்று அவர் கல்லை எடுத்து வீசியும் போனேன். கணியம்பாடிக்கு வந்து பஸ் ஏறி வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி. பெண் டாக்டர். இரண்டு இமைகளையும் தூக்கிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் கேட்டார்.

"அம்மைக்கு முன்னாடி, சாயங்காலத்துல கண்ணு தெரியலைன்னு சொன்னாளா? தடுமாறினாளா?"

"இல்லீங்க சாமி."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. மாலைக்கண் இருந்துச்சா?"

"அதெல்லாம் இல்லீங்க. பள்ளிக்கூடத்துல ராத்திரியில சனி கிரகமே பார்த்தாளாங்க. அதுல மோதிரம் சுத்திக்கினு கீதாம். படம்கூடப் போட்டாளாம்." அந்த நிலைமையிலும் அப்பாவின் குரலில் ஒரு பெருமை இருந்தது. லீவுக்கு வந்த அன்று நான்தான் அதை வீட்டில் சொல்லியிருந்தேன்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "அப்போ அதுவரைக்கும் பார்வை சரியாத்தான் இருந்திருக்கு" என்று எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார்: "முன்னாடியே மாலைக்கண்ணு வந்து யாராவது கவனிச்சிருந்தா, ஒரு கரண்டி மருந்து போதும். கண்ணு பொழைச்சிருக்கும். அந்த ஆஸ்டல்ல வேற யாருக்காவது அப்படி இருக்குதா? இருந்தா சொல்லுங்க, மருந்து அனுப்பச் சொல்றேன்."

"யாருக்கும் இல்லீங்க" என்றார் அப்பா.

நான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். எனக்குத் தெரியும். தங்கையைத் தவிர இன்னும் இரண்டு பேர் ராத்திரியில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதை நான் பார்த்திருந்தேன். வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும், நான் கிள்ளியது உட்பட. திறக்கவில்லை. அடுத்த வருஷம் உங்களில் ஒருவருக்கு இடது கண் போனது. அதற்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஊருக்குத் திரும்பினோம். ஊர்ப் பெரியவர் கேட்டார், அப்பா சனி கிரகத்தைச் சொன்னார். அவ்வளவுதான். டாக்டர் சொன்ன கரண்டி மருந்தை யாரும் காதில் வாங்கவில்லை. நிற்க இடமில்லாத, கண்ணில்லாத அந்தக் காற்று உருண்டைமேல் பழியெல்லாம் விழுந்தது. "பாக்கக் கூடாததப் பாத்துடுச்சி கொழந்தை. காட்டினவ எவ?" என்றார்கள்.

பள்ளிக்கூடம் திறந்து பத்து நாளாகியும் நாங்கள் போகாததால் டீச்சரே ஏறி வந்தார். ஒன்பது மைல் தனியாக. செருப்பு அறுந்து கையில் இருந்தது. ஒரு பன் பொட்டலமும் தங்கையின் சிலேட்டும் கொண்டுவந்திருந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

அப்பா வெளியே வந்தார். முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "பாத்தீங்களா டீச்சர்? நீங்க காட்டினது வேல செஞ்சிடுச்சி, பாத்தீங்களா?"

"ஐயா, அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்லீங்க. நாங்க அத்தினி பேரும் பார்த்தோம். யாருக்கும் ஒண்ணும் ஆகலியே. அவ நல்லாப் பார்த்தா. எனக்குத் தெரியும், நல்லாப் பார்த்தா." அழுதுகொண்டே என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நீயும் கூடத்தானே இருந்தே. அன்னிக்கு அவளுக்குக் கண்ணு எப்படி இருந்துச்சி? சொல்லு."

ஒரு வார்த்தை போதும். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவள் சனியைப் பார்க்கவேயில்லை என்று நான் சொல்லியிருந்தால், அந்த வாசலிலேயே சனியும் தப்பியிருக்கும், டீச்சரும் தப்பியிருப்பார். நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பெத்தவன் கிட்டயே பொய் சொல்றியா? காட்டினியே, நீ நல்லா இருப்பியா?" என்று டீச்சரைப் பார்த்துக் கத்திக்கொண்டே அப்பா விறகுக் கட்டையை எடுத்தார். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் பன் பொட்டலத்தையும் சிலேட்டையும் வாசலில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு வந்த வழியே திரும்பிப் போனார். அம்மா அந்தப் பன்னை நாய்க்குப் போட்டாள். பசித்த வீடு அது, இருந்தாலும் போட்டாள்.

அதற்குப் பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். டீச்சர் மேல் ஊரிலிருந்து மனு போனது. டீச்சர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள், வேறு ஊருக்கு மாற்றினார்கள் என்றும் சொன்னார்கள். எது உண்மையோ. எங்கள் ஊரிலிருந்தும் பக்கத்து ஊரிலிருந்தும் பெண் பிள்ளைகளை எல்லாம் விடுதியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். என் பதினாறாம் வாய்ப்பாடும் அதோடு முடிந்தது. எதைக் காப்பாற்ற அவளைக் கிள்ளினேனோ அதுவும் போனது.

பிறகு கல்யாணம், பிறகு என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தது, பிறகு மறுபடி அம்மா வீடு. வளர்ந்த பிறகு விட்ட இடத்திலிருந்து நானே படித்துக்கொண்டேன். ஊரில் பால்வாடி வந்தபோது ஆயா வேலை கிடைத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நர்ஸம்மா வருவார். மஞ்சளாக, எண்ணெய் போல ஒரு மருந்தைக் குழந்தைகளுக்கு ஒரு கரண்டி ஊற்றுவார். குழந்தைகள் திமிறும். மூக்கைப் பிடித்து, தலையைச் சாய்த்து, நான்தான் பிடித்துக்கொள்வேன். முதல் தடவை அது எதற்கு என்று கேட்டேன். "கண்ணுக்கு. இது இல்லன்னா மாலைக்கண்ணு வரும், அப்புறம் கண்ணே போய்டும்" என்றார். அன்று பிடித்த குழந்தையை நான் நெடுநேரம் விடவில்லை. நர்ஸம்மா என் கையைத் தட்டிவிட்டார். அந்த வேலையை இருபத்தேழு வருஷம் பார்த்தேன். ஒவ்வொரு கரண்டியும் எனக்குத் தண்டனைதான்.

தங்கை என்னோடுதான் இருந்தாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். எங்களுக்குப் பின் பிறந்த தம்பி அதே ஊரில் தனியாக வீடு கட்டியிருந்தான். தங்கை புளி தட்டுவாள், கொட்டை எடுப்பாள். ஒரு கொட்டை தவறாது. வெளியே போக வேண்டுமென்றால் என் கைதான். என் தோளுக்குக் கீழே, முழங்கைக்கு மேலே, அவள் பிடிக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே எனக்குத் தோலே காய்த்துப்போயிருந்தது.

ஒரு மாசி மாதம், பகலில், புளி தட்டிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். ஏன் அன்று என்று தெரியவில்லை. நாற்பது வயதாகியிருந்தது அவளுக்கு.

"அன்னிக்கு டீச்சர் சனி காட்டினப்போ உனக்கு ஒண்ணும் தெரியல. எனக்குத் தெரியும். நான்தான் உன்னக் கிள்ளிப் பொய் சொல்ல வெச்சேன்."

அவள் சிரித்தாள். "யாருக்குத்தான் தெரிஞ்சிது?"

எனக்குப் புரியவில்லை.

"ராத்திரியில யாருக்கு இன்னா தெரியும்க்கா? எனக்கு மாதிரிதானே எல்லாருக்கும். அந்தத் தையிலேர்ந்து ராத்திரியே கறுத்துப் போச்சி, பொழுது போனா அத்தினி பேருக்கும் இருட்டுதான், பழக்கத்துல நடக்கறாங்கோ, எனக்குத்தான் இன்னும் பழக்கம் வரலன்னு நெனச்சினு இருந்தேன். டீச்சர் ஆசப்படறாங்களேன்னு முன்னாடி நின்னவங்க எல்லாம் பார்த்தேன் பார்த்தேன்னு சொன்னாங்கோ. நான்தான் வெவரம் இல்லாம கறுப்பா கீதுன்னு சொல்லிட்டேன். நல்லவேளை, நீ கிள்ளிச் சொல்லிக் குடுத்தே." இன்னொரு புளியை எடுத்துக் கல்லில் வைத்தாள். "டீச்சரே பாவம், இல்லாததக் கீதுன்னு நம்பினு இருந்தாங்கோ."

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் அத்தனை வருஷமும் நிம்மதியாகத்தான் இருந்திருக்கிறாள். என்னால் முடியவில்லை.

"இல்ல. அது இருந்திச்சி" என்றேன்.

அவள் கை நின்றது. "நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"மெய்யாலுமா? மோதிரத்தோட?"

"மோதிரத்தோட."

"எல்லாரும் பார்த்தாங்களா?"

"எல்லாரும்."

வெளியே யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். அது கடந்து போகும்வரை காத்திருந்ததுபோல இருந்து, பிறகு சொன்னாள். "அப்போ எனக்கு மட்டும்தான் தெரியல. அது உனக்கு அப்பவே தெரியும்."

அது கேள்வி இல்லை. இருந்தாலும் பதில் சொன்னேன். "தெரியும்."

மடியிலிருந்த தோலை உதறிவிட்டு எழுந்தாள். நான் வழக்கம்போலக் கையை நீட்டி அவள் கையை என் தோளருகே கொண்டுவந்தேன். "வேணாம்" என்று எடுத்துக்கொண்டாள். சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டனுப்பி, தன் துணிகளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தாள். தினமும் போவேன். குழம்பு செய்தால் எடுத்துப் போவேன், சாப்பிடுவாள். கோபமாக ஒரு சொல் சொன்னதில்லை. பிறந்ததிலிருந்து என்னை 'வா', 'போ', 'நீ' என்று பேசியவள். இப்போது என் காலடிச் சத்தம் கேட்டதும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, வெளியூரிலிருந்து வந்தவர்களிடம் சொல்வதுபோல, "வாங்கக்கா, உட்காருங்க" என்பாள். கிளம்பும்போது, "பாத்துப் போய்ட்டு வாங்க" என்பாள்.

கடைசி ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தபோதும், தண்ணீர் கொடுத்தால், "போதுங்க" என்றுதான் சொன்னாள்.